எறும்புக் கூட்டத்தில் எட்டுக் கண்

திருவனந்தபுரத்தில் பழைய வீட்டு வளாகம் என்றால் ஒரு மாமரமாவது நிற்கும். மாமரம் நின்றால் முசுறும் இருக்கும். நாகர்கோவில் பக்கத்தார் இதை மிசிறு என்பார்கள். மலையாளிகள் நீறு என்கிறார்கள். பச்சை இலைகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிப் பந்து போலக் கூடு கட்டி, கிளைக்குக் கிளை செந்நிறச் சாரியாக ஓடும் இந்த எறும்பிடம் கடி வாங்காதவர் எல்லைக்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. கடித்ததோடு விடாமல், வயிற்று நுனியை வளைத்து அந்த இடத்தில் அமிலத்தையும் பீச்சிவிட்டுத்தான் போகும்.

இந்தச் சாரியின் ஓரத்தில் சற்று ஒதுங்கி, நின்று நின்று ஓடும் ஒன்று உண்டு. அதே நிறம், அதே ஒடுங்கிய இடை, உணர்கொம்பை ஆட்டுவது போன்ற அதே ஆட்டம். ஆனால் மற்ற எறும்புகள் எதிரே வந்தால் முகத்தோடு முகம் உரசாமல் விலகிக்கொள்ளும். தட்டிவிட்டால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். எறும்புக்கு ஏது நூல்? படமெடுத்து நாலைந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வருகிறது. கால்கள் ஆறல்ல, எட்டு. உணர்கொம்பாகத் தெரிந்தவை தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். முகத்தில் மோட்டார் விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண்கள். சுற்றிலும் சிறியவை ஆறு. எறும்பு வேஷம் கட்டிய சிலந்தி அது.

மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்பது விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர். கேரளத்தில் முசுறு உள்ள மரங்களில் தேடினால் கிடைக்கக்கூடியது. இதில் ஆணின் தாடைகள் முன்னால் வெகுவாக நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதைப் போலவே தோன்றும். முசுறு என்றால் பறவைகளும் குளவிகளும் ஒதுங்கிப் போகும். அந்தப் பயத்தின் நிழலில் இது பிழைக்கிறது. எறும்பைத் தின்பதற்காகப் போட்ட வேஷமல்ல.

வெறுங்கண்ணுக்கு எட்டாத இந்த நாடகத்தைப் படம் பிடிப்பதற்குத்தான் அதிநுண் போட்டோ என்று பெயர். பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைத்து மாதச் சம்பளக்காரர்கள் இதன் பக்கமே வருவதில்லை. உண்மையில் இதற்கு அதிகம் வேண்டியிருப்பது பொறுமைதான்; பணம் கொஞ்சம் போதும்.

பிராந்தி குடித்த எறும்பு

பூச்சியைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசை 350 ஆண்டுகளுக்கு முந்தியது. லண்டனில் ராபர்ட் ஹூக் என்பவர் 1665-ல் ‘மைக்ரோகிராபியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். நுண்ணோக்கியில் கண்டவற்றைக் கையால் வரைந்து அச்சிட்டது. ஈயின் கண், தெள்ளுப்பூச்சி, தலைப்பேன் எல்லாம் அதில் உண்டு. பேனின் படத்தை மடித்து வைத்த பெரிய தாளில் அச்சடித்திருந்தார்கள்.

எறும்பை வரையும்போது ஹூக் திண்டாடிப் போனார். உயிரோடு விட்டால் நிற்காது. கொன்றால் சுருண்டு வடிவம் கெடும். கடைசியில் பிராந்தி போன்ற காய்ச்சிய சாராயத்தில் ஓர் எறும்பை அமிழ்த்தி எடுத்தார். அது மயங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திடீரென்று எழுந்து ஓடியே போய்விட்டது!

நிற்காத பூச்சியை நிற்கவைப்பது எப்படி என்ற ஹூக்கின் பிரச்னை இன்றுவரை தீரவில்லை. காமிரா மாறியிருக்கிறது. பூச்சி மாறவில்லை.

எத்தனை மடங்கு?

இந்தத் தொழிலில் அளவு சொல்வதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. காமிராவுக்குள் படம் பதியும் சில்லின் மீது பூச்சி தன் அசல் அளவிலேயே விழுந்தால் அது ‘ஒன்றுக்கு ஒன்று’. சாதாரண மாக்ரோ லென்ஸ்கள் அநேகமாக அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால்தான் அதிநுண் படம்.

பலர் கையிலிருக்கும் காமிராக்களில் அந்தச் சில்லின் அகலம் 22 முதல் 24 மில்லிமீட்டர். பெரிய முசுறு ஒன்றின் நீளம் 8 முதல் 10 மில்லிமீட்டர். ஒன்றுக்கு ஒன்றில் எடுத்தால் படத்தின் அகலத்தில் பாதியைக்கூட அது நிரப்பாது. ஐந்து மடங்குக்குப் போனால் படத்துக்குள் அடங்குவது நாலரை மில்லிமீட்டர் அகலம்தான். தலையும் தாடையும் மட்டும் தெரியும். அப்போதுதான் தாடையின் ரம்பப் பற்களும், கூட்டுக்கண்ணின் சின்னஞ்சிறு அறைகளும் கண்ணில் படும்.

கடிகாரக்காரர் கண்ணாடியும் திருப்பிப் போட்ட லென்ஸும்

மிகவும் மலிவான வழி செல்போன்தான். கடிகாரம் பழுது பார்ப்பவரும் பொற்கொல்லரும் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செல்போன் லென்ஸின் மீது ஒட்டினாற்போல் பிடித்தால் போதும். பத்து மடங்குக் கண்ணாடியானால் பூச்சிக்கு இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் வைக்க வேண்டும். ஓரங்கள் கலங்கலாக வரும். நடுப்பகுதி தெளிவாக இருக்கும். கறிவேப்பிலைச் செடியில் பட்டாம்பூச்சி இட்ட முட்டை, செம்பருத்தித் தண்டில் அப்பியிருக்கும் மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு இதுவே தாராளம். இந்த ஆசை நிலைக்குமா, ஒரு மாதத்தில் ஆறிப்போகுமா என்று தெரிந்துகொள்ளவும் இதைவிடச் சிக்கனமான பரீட்சை கிடையாது.

அடுத்தது, லென்ஸ் மாற்றக்கூடிய பழைய காமிரா ஒன்றும், பிலிம் காலத்து லென்ஸ் ஒன்றும். சாதாரண லென்ஸ் என்ன செய்கிறது? தூரத்திலுள்ள பெரிய பொருளைச் சிறியதாக்கிக் காமிராவுக்குள் விழச் செய்கிறது. அதையே முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் வேலையும் தலைகீழாகிறது. பக்கத்திலுள்ள சிறிய பொருள் பெரிதாகி விழுகிறது. திருப்பி மாட்டுவதற்கான உலோக வளையத்துக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு.

50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். 28 மி.மீ. லென்ஸானால் இரண்டு மடங்குக்கு மேல். வழக்கத்துக்கு நேர்மாறாக, இங்கே எண் குறையக் குறையப் பெருக்கம் கூடுகிறது. இன்னொரு முறையும் உண்டு. 200 மி.மீ. லென்ஸை நேராக மாட்டி, அதன் மூக்கில் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி ஒட்டினால், 200-ஐ 50-ஆல் வகுத்தது போல் நாலு மடங்கு.

வாங்கும்போது அபர்ச்சரைக் கையால் திருப்பும் வளையம் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். புது லென்ஸ்களில் அந்த வேலையை மின்சாரம் பார்த்துக்கொள்கிறது. திருப்பி மாட்டியவுடன் காமிராவோடு உள்ள தொடர்பு அறுந்து, அபர்ச்சர் நாம் சொன்னபடி கேட்காது.

திருவனந்தபுரம்வாசிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று பூஞ்சணம். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள ஊரில் லென்ஸின் உள்ளே சிலந்திவலை போல் வெண்ணிழை படர்வது சர்வசாதாரணம். ‘நல்ல கண்டிஷன்’ என்று விற்பவர் சொல்வார். வாங்குபவர் லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும். வாங்கிய பிறகும் தோல்பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பது லென்ஸுக்குக் குழி தோண்டுவதற்குச் சமம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, இதுதான் பாதுகாப்பு. நிறம் மாறும் ஜெல்லானால் அவ்வப்போது சூடாக்கி மறுபடியும் உபயோகிக்கலாம்.

மயிரிழைக் கணக்கு

சாதனம் கைக்கு வந்த முதல் நாளே அநேகர் மனம் உடைந்துபோகிறார்கள். படம் முழுதும் கலங்கல். எங்கோ ஒரு கால் மட்டும் தெளிவு. காமிராவின் குற்றமல்ல அது. ஐந்து மடங்கு பெருக்கத்தில், அபர்ச்சர் எண் 5.6 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் கனம் அவ்வளவுதான் இருக்கும். முசுறின் கண்ணில் தெளிவு வைத்தால் கொம்பின் நுனி மறைந்துவிடும்.

அபர்ச்சரைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும் என்பது எல்லோரும் படித்த பாடம். இங்கே அது பாதிதான் பலிக்கும். பெருக்கம் கூடும்போது அபர்ச்சர் தானாகவே சிறியதாகிவிட்டது போன்ற நிலை ஏற்படுகிறது. நாலு மடங்கில் எண் 8 என்பது 40-க்குச் சமம். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதுமே மங்கிப்போகும். ஆகவே பெருக்கம் ஏற ஏற அபர்ச்சரைத் திறந்தே வைக்க வேண்டும். ஆழத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

லென்ஸின் வளையத்தைத் திருகித் தெளிவு தேடுவதால் பயனில்லை. உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, தெளிவு கண்ணில் விழும் நொடியில் அமுக்க வேண்டும். பூச்சி இருக்கும் தண்டை இடது கை விரல்களால் பிடித்துக்கொண்டு, லென்ஸின் முனையை அதே கையின் மேல் சாய்த்துவிட்டால் பூச்சியும் காமிராவும் சேர்ந்தே ஆடும். ஆட்டம் படத்தில் தெரியாது. பத்தில் ஒரு படம் தேறினால் நல்ல நாள். பிலிம் காலத்தில் 36 படச் சுருள் ஒன்றைக் கழுவிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. இன்று தவறுக்குக் காசில்லை.

முசுறிடம் மட்டும் இந்த இடது கை வித்தை வேண்டாம். துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் அது வரிசையாகப் போகும்போது பக்கவாட்டில் நின்று எடுப்பதே உத்தமம். திருப்பி மாட்டிய லென்ஸுக்கும் எறும்புக்கும் இடையே மூன்று விரலகலம்தான் இடைவெளி. கோபம் வந்தால் அது லென்ஸின் மீதே தாவும்.

எவர்சில்வர் டம்ளர்

வெளிச்சம் அடுத்த தலைவலி. நாலு மடங்கில் சில்லுக்குப் போய்ச் சேரும் ஒளி இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நண்பகல் வெயிலும் போதாது. பிளாஷ் அவசியம். குறைந்த சக்தியில் வைத்தால் பிளாஷ் எரியும் நேரம் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். கை நடுக்கத்தையும் பூச்சியின் ஓட்டத்தையும் அதுவே நிறுத்திவிடுகிறது.

ஆனால் பிளாஷை நேராக அடித்தால் எறும்பும் வண்டும் எவர்சில்வர் டம்ளரில் வெயில் பட்டது போல் ஒரே வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைப் பறிக்கும். முதுகின் மீதுள்ள மயிரும் குழியும் தெரியாது. பிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே டிரேசிங் தாளையோ மெல்லிய வெள்ளைத் தெர்மோகோலையோ வளைத்து வைத்து ஒளியைப் பரப்ப வேண்டும். கடையில் விற்கும் பெட்டியைவிட, தாளும் செல்லோடேப்பும் கொண்டு வீட்டில் செய்தது பல சமயம் மேலாக இருக்கிறது. லென்ஸின் நீளத்துக்கு ஏற்றபடி நாமே வெட்டிக்கொள்ளலாம் அல்லவா?

ஐம்பது படம் சேர்ந்தால் ஒரு படம்

ஆழத்துக்கு வேறு வழி என்று சொன்னது இதுதான். மயிரிழை மயிரிழையாகத் தெளிவை நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் பொறுக்கிச் சேர்ப்பது. இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள தலைக்கு நாற்பது, ஐம்பது படம் ஆகும். ஹெலிகன் ஃபோகஸ், சிரீன் ஸ்டாக்கர் போன்ற புரோகிராம்கள் இந்த ஒட்டு வேலையைச் செய்கின்றன. இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு.

இதன் உச்சத்தைக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லெவன் பிஸ். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று மியூசியத்தின் பூச்சிகளை அவர் எடுத்த படங்கள் 2016-ல் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு பூச்சிக்கு எட்டாயிரம் படங்களுக்கு மேல்! ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காமிரா நகர்ந்தது நூறில் ஒரு மில்லிமீட்டர்.

அவர் எடுத்தவை எல்லாம் மியூசியத்தில் ஊசியில் குத்திவைத்த பழைய பூச்சிகள். உயிருள்ளது ஐம்பது படத்துக்கு நிற்குமா? இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பூச்சியைப் பிடித்து பிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்வது, அதற்கும் மேலே போய்க் கொன்று இலையின் மேல் ஒட்டிவைப்பது என்பதெல்லாம் நடக்கிறது. படத்தில் அது உயிருள்ளது போல உட்கார்ந்திருக்கும். ஒரு படத்துக்காக ஓர் உயிர் என்பது கொஞ்சம் அதிக விலை; அதை உயிருள்ளது என்று காட்டுவது பொய்யும்கூட. இறந்த பூச்சிதான் வேண்டுமென்றால் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மழைக் காலத்தில் விடியற்காலை வராந்தா விளக்கின் அடியில் பெருக்கினால் வண்டும் ஈசலும் அந்துப்பூச்சியும் முறம் நிறையக் கிடைக்கும்.

பொன்முடியில் கிடைத்த நிழல்தும்பி

பூச்சியைக் கொல்லவே கூடாதா என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பொன்முடி மலையிலிருந்து 2015-ல் ஓர் ஊசித்தட்டான் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. புரோட்டோஸ்டிக்டா பொன்முடியென்சிஸ் என்று மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அறிவித்தவர்கள் சி.ஜி. கிரண், எஸ். கலேஷ், கிருஷ்ணமேக் குண்டே ஆகிய மூவர். முதல் இருவரும் திருவனந்தபுரத்தின் ட்ராவன்கூர் நேச்சர் ஹிஸ்டரி சொசைட்டியைச் சேர்ந்தவர்கள்.

இந்த வகைத் தட்டானை மலையாளத்தில் நிழல்தும்பி என்கிறார்கள். ஓடையோர இருட்டில் மெலிந்த குச்சி போல் தொங்கும். ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும் இந்த இனங்களைப் பிரித்தறிய, தலைக்கு அடுத்த மார்புத் துண்டின் குறிகளையும், ஆணின் வால் நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்வதற்காக உள்ள கொக்கிகளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பெருக்காமல் பார்த்தால் கொக்கி தெரியாது. கொக்கி தெரியாவிட்டால் புதிய இனமும் பழைய இனமும் ஒன்றுதான். பொழுதுபோக்குக்காரரின் கலையும் விஞ்ஞானியின் வேலையும் ஒட்டுகிற இடம் இது.

புதிய இனம் என்று அறிவிக்கும்போது அடையாளத்துக்காக ஒரு மாதிரிப் பூச்சியைப் பிடித்துப் பாதுகாத்து வைப்பது விஞ்ஞானிகளின் முறை. நாளைக்கு யார் சந்தேகப்பட்டாலும் எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? காட்டிலிருந்து அப்படிப் பிடிப்பதற்கு வனத் துறையின் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் யானையும் புலியும் மட்டுமல்ல, பல பட்டாம்பூச்சிகளும் உண்டு. பொன்முடிக்குச் சுற்றுலா போய்ச் சீசாவில் பூச்சி பிடித்து வருபவர் விளையாட்டாகச் செய்தாலும் சட்டம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

படத்துக்கு அந்தத் தடை இல்லை. கொல்லைப்புறத்தில் எடுத்ததானாலும், நாள், இடம், எந்தச் செடி என்ற மூன்றையும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவேட்டில் சேர்த்தால் தெரிந்தவர்கள் இனம் கண்டு சொல்கிறார்கள். முதுகு, முகம், பக்கவாட்டு என்று மூன்று கோணத்தில் எடுத்த சுமாரான படம், ஒரே கோணத்தில் எடுத்த அழகான படத்தைவிட அவர்களுக்கு உபயோகப்படும்.

ஆபீஸ் விட்டு வந்த பிறகு

எங்கே, எப்போது எடுப்பது? பூச்சியின் உடம்புச் சூடு காற்றின் சூட்டைப் பொறுத்தது. விடியற்காலையில் மந்தமாக இருக்கும். வெயில் ஏறியதும் பிடிபடாது. குளிர்ப் பிரதேசங்களில் பனி படிந்த பூச்சி மணிக்கணக்கில் நிற்கும். திருவனந்தபுரத்தில் இரவிலும் அந்த அளவு குளிர் இல்லை என்பதால், ஆறு மணியிலிருந்து ஏழரைவரை கிடைப்பதே லாபம். காலை வண்டி பிடித்து வேலைக்கு வருகிறவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமையில்தான் சாத்தியம். வெள்ளாயணிக் காயல் கரையிலும் கரமனை ஆற்றோரத்திலும் புல்லும் எருக்கும் தாராளம். எருக்கஞ்செடி ஒன்றே போதும்: வெந்தய வரிப் பட்டாம்பூச்சியின் புழு, சிவப்பும் கறுப்புமான நாவாய்ப்பூச்சி, மஞ்சள் அசுவினி, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டு என்று ஒரு தெருவே அதில் குடியிருக்கும்.

மற்ற நாட்களில் சாயங்காலத்துக்கென்று ஒரு பூச்சி இருக்கிறது. வயிற்றில் நீல வரி போட்ட தேனீ. கூட்டமாகக் கூடு கட்டி வாழாத தனிக்காட்டு ராஜா. இதன் ஆண்கள் பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, கால்களைக் காற்றில் விட்டுவிட்டு, அப்படியே உறங்குகின்றன. அடுத்தடுத்த நாட்களிலும் அதே தண்டுக்கு வருவதுண்டு. வேலிப் படலில், துளசிக் கதிர் காய்ந்த குச்சியில் ஆறரை மணிக்குத் தேடினால் அகப்படும். இருட்டிய பிறகு பிரிட்ஜும் வேண்டாம், பிராந்தியும் வேண்டாம். நாற்பது படத்துக்கு அது அசையாமல் இருக்கும். ஆனால் தண்டைக் கையால் தொடக் கூடாது. அது உடம்பைச் சிலிர்த்து ஒரு காலை உயர்த்தினால் பிளாஷ் தொந்தரவு செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு காமிராவை மூடிவைத்துவிட்டு, மறுநாள் அதே தண்டில் வந்து பார்க்க வேண்டியதுதான்.